மாடித் தோட்டத்தின் வேர், பொள்ளாச்சிக் களத்தில்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் வெட்டவெளிகள் தென்படும். தூரத்துப் பார்வைக்கு உழுதுபோட்ட செம்மண் காடு. கிட்டே போனால் சிமெண்ட் களம். அதன்மேல் பரப்பிக் காயவைத்திருப்பது தேங்காய் நார்த்தூள். நகரத்து மாடியிலும் பால்கனியிலும் மண்ணில்லாமல் கீரையும் தக்காளியும் வளர்க்கிறவர்கள் ‘கோகோபீட்’ என்று கேட்டு வாங்குகிற கட்டிகளில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில்தான் உருவாகிறது. நானும் அப்படி வளர்க்கிறவன். என் செடிகளின் வேர் பற்றி நிற்கும் பொருளை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவே அங்கே போனேன்.

ஊர்க்காரர்கள் ‘மஞ்சி மில்’ என்கிறார்கள். மஞ்சி என்றால் தேங்காய் நார். தேங்காய் உரித்த மட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்குகின்றன. அவற்றைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கிரஷரில் நசுக்கி, அடிக்கும் இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள். ஒரு பக்கம் நார் பொன்னிறத்தில் வந்து விழ, சல்லடைக்குக் கீழே தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் மிஞ்சும். கயிறும் மெத்தையும் மட்டுமே தொழிலாக இருந்த காலத்தில் இந்தத் தூள் ஆலைக்காரர்களுக்குப் பெரும் தலைவலி. லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மட்காது. சாலையோரம் மலைபோலக் குவிந்து கிடக்கும். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து இதை மட்கவைத்து உரமாக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்தது. பிறகு உலகெங்கும் பசுமைக்குடில் விவசாயம் பெருகியது. ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே சேரும் ‘பீட்’ என்ற பாதி மட்கிய தாவரப் படிவை வெட்டியெடுப்பதற்கு எதிர்ப்பும் வலுத்தது. அதற்கு மாற்றாக நார்த்தூள் கப்பலேறியது. சீனா, அமெரிக்கா, தென்கொரியா, நெதர்லாந்து என்று அது போகாத திசையில்லை. இந்தியத் தென்னை நார்ப் பொருள்களின் ஏற்றுமதியில் இன்று முதலிடம் இந்தத் தூளுக்குத்தான்.

களத்தில் வேலை செய்கிறவர்களில் பெண்களே அதிகம். முகத்தைத் துண்டால் சுற்றிக் கட்டி, முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, பலகையால் தூளைப் புரட்டுகிறார்கள். மேலே காய்ந்த தூள் வெளிர்ந்திருக்கும். புரட்டியதும் அடியிலிருந்து கரும்பழுப்பு மேலே வரும். அந்தக் கருமை மங்கும்வரை புரட்டல் ஓயாது. அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம், காய்ந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். குனிந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, விரல்களை விரித்துக் காட்டினார். தூள் உருண்டையாக நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“இப்படி உதிரோணுங்க தம்பி. மேலாப்புல காஞ்சிருச்சேன்னு அள்ளீறக் கூடாது. அடியில ஈரம் நின்னுச்சுன்னா கட்டிக்குள்ளயே பூஞ்சை பூத்துரும். கப்பல்ல போய் இறங்கி, வாங்குனவன் பிரிச்சுப் பாத்தா அத்தனையும் வீணுங்க.”

ஆலையில் ஈரம் அளக்கும் கருவி இருக்கிறது. ஆனால் எந்தப் பகுதித் தூளை எடுத்து அளப்பது என்பதை இவர் கைதான் முடிவு செய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் வேலை இரட்டிப்பாகிறது. வெயில் தலைகாட்டியதும் பரப்பி, இருட்டியதும் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, மறுபடி பரப்ப வேண்டும். மழையில் நனைந்த களத்துக்கு அன்றைய கூலி கிடைக்குமா என்பது ஆலைக்கு ஆலை மாறுகிறது.

காயவைப்பதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. கழுவாத தூளில் உப்பு ஏறிப்போயிருக்கும். அந்த உப்பை மின்கடத்து திறனைக் கொண்டு அளக்கிறார்கள். களத்தில் எல்லோரும் அதை ‘இ.சி.’ என்றே சொல்கிறார்கள். தூளை ‘ஹை இ.சி.’, ‘லோ இ.சி.’ என்று இரண்டாகப் பிரித்து விலை வைக்கிறார்கள். நல்ல தண்ணீர் விட்டு, வடித்து, மறுபடி விட்டு அலசினால் இ.சி. இறங்கும். ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் சேர்த்து வடிகட்டி அளக்கும்போது 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் அது லோ இ.சி.

தரமான தூளுக்கு அது மட்டும் போதாது. சோடியமும் பொட்டாசியமும் தூளின் துகள்களில் ஒட்டிப் பிடித்திருப்பதால் வெறும் தண்ணீருக்கு முழுவதும் அசைந்து கொடுப்பதில்லை. அதனால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளைப் பல மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கால்சியம் உள்ளே போய் இடம்பிடித்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிடும். பிறகு மறுபடி ஓர் அலசல். இந்த வேலைக்குப் பெயர் பஃபரிங். அது நடக்காத தூளை வாங்கித் தொட்டியில் போட்டால், செடிக்கு நாம் ஊற்றும் சத்துக் கரைசலிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூளே இழுத்துக்கொள்ளும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கும், லெட்டூஸின் இளம் இலை நுனி கருகுவதற்கும் இதுவும் ஒரு காரணம். வளர்ப்பவரோ உரக் கரைசலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆலையின் ஒரு மூலையில் சிறிய சோதனை அறை. வேதியியல் படித்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் மாதிரி எடுத்து அளந்து நோட்டில் எழுதுகிறார். அமில கார நிலை 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். அவர் ஒரு குவியலைத் திருப்பியனுப்பியதை நான் நேரில் பார்த்தேன். மேஸ்திரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுபடி தண்ணீர் விடச் சொல்லி ஆளனுப்பினார். தேறிய தூள் சலித்து, அழுத்தும் இயந்திரத்துக்குப் போகிறது. 5 கிலோ கட்டியாக அது வெளியே வருகிறது. வீட்டில் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் அந்தக் கட்டி 70 லிட்டர் அளவுக்கு உப்பும். சூடு ஆறாத கட்டிகளைக் கைமாற்றி அடுக்குபவர்களில் பாதிப்பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். சல்லடைக்குப் பக்கத்தில் தூசி மூச்சை அடைக்கிறது. அங்கே நிற்கிறவர்களுக்குத் துணியைத் தவிர வேறு காப்பு இருக்கவில்லை. உலகத்தரம் பேசும் ஒரு பொருளைச் செய்கிற இடத்தில் நல்ல முகக்கவசம் கொடுப்பதும், தூசியை உறிஞ்சும் ஏற்பாடு செய்வதும் செலவுக் கணக்கில் கடைசியாக வரக்கூடாது.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உப்பையும் பழுப்புச் சாயத்தையும் கரைத்துக்கொண்டு வெளியேறும் அந்தத் தண்ணீர் நிலத்தில் இறங்கினால் கிணறு கெடும். பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் தன் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறம். “இதை மாடு மோந்துகூடப் பாக்கறதில்லீங்க” என்றார். இத்தகைய புகார்கள் பெருகிய பின்னணியில்தான் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் தென்னை நார் ஆலைகளை, மாசு அநேகமாக இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. பிழைப்பு போய்விடும் என்று ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்து வலியும் உண்மை. வெள்ளை ஈயும் வாடல் நோயும் தோப்புகளை வாட்டும் ஊரில், மட்டைக்குக் கிடைக்கும் காசு விவசாயிக்கும் தேவை, களத்து வேலை அந்த அக்காவுக்கும் தேவை. வழி இல்லாமலும் இல்லை. நான் பார்த்த ஆலையில் களம் முழுக்கச் சிமெண்ட் பூசி, அலசிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தெளியவைத்து, முதல் அலசலுக்கு அதையே திரும்ப எடுக்கிறார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். இதற்குச் செலவாகும். அந்தச் செலவு விலையில் ஏறும்.

அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். மண்ணில்லா விவசாயத்தில் தண்ணீர் மிச்சம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் தொட்டியளவில் அது சரிதான். ஆனால் நம் கட்டியிலிருந்து உப்பை இறக்கிய தண்ணீர் வேறொரு ஊரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே வீட்டில் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கட்டி வாங்கும்போது இ.சி. எவ்வளவு, பஃபரிங் செய்ததா என்று கேளுங்கள். அலசிய தண்ணீரை ஆலை என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்கிற கடைக்காரரிடம் நாலு காசு கூடக் கொடுத்து வாங்குங்கள். ஒரு விளைச்சல் முடிந்ததும் தூளைக் கொட்டிவிடாதீர்கள். பழைய வேரைப் பொறுக்கி, அலசி, கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், நோய் தாக்காத தூள் அடுத்த விளைச்சலுக்கும் தாங்கும். அதன்பிறகு மண்தொட்டியில் கலந்தால் அங்கேயும் ஈரம் காக்கும். தரம் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகினால் தரமாகச் செய்கிற ஆலை பிழைக்கும். வெளிநாட்டு வியாபாரி கேட்கிறான் என்பதற்காக ஆலைக்குள் சோதனை அறை வந்தது. தண்ணீரையும் முகக்கவசத்தையும் பற்றி உள்ளூரில் நாம் கேட்டால் அவையும் வரும்.