பட்டியலில் ஏறாத சாட்சி

நம்ம சனங்களுக்குப் பட்டியல் ஒன்றும் புதுசில்லை. 1936இலேயே வெள்ளைக்காரன் ஆணை போட்டு நம்மைப் பட்டியலில் ஏற்றிவிட்டான். நான் சொல்லவருவது வேறொரு பட்டியல். மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்புகிற கட்டுரையின் கடைசியில் வருகிற மேற்கோள் பட்டியல். அதில் ஏறுவதற்கு நம்ம ஆட்கள் படுகிற பாடு தனிக்கதை.

டாக்டர் தோழர் ஒருவர், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்களின் மூச்சுக் கோளாறு பற்றிக் கட்டுரை எழுதினார். நம்ம சேரியிலிருந்து படித்துப் போனவர்தான். “நீங்க எம்.ஏ. தமிழ்தான தோழர், அடிக்குறிப்பெல்லாம் போட்டுப் பழக்கம் இருக்குமே. இந்த ரெஃபரன்ச மட்டும் ஒழுங்கு பண்ணிக் குடுங்க” என்று கட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

‘மேலது’, ‘மேற்படி நூல்’ என்று எழுதிப் பழகிய கை இது. மருத்துவத்தில் அந்தச் சோலியே கிடையாது. 1978இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடிப் பேசி, 1979இல் வெளியிட்ட விதிகளிலிருந்து வந்த முறை. அதனால் வான்கூவர் முறை என்று பெயர். கட்டுரையில் முதலில் வருகிற சான்றுக்கு 1, அடுத்ததற்கு 2. அதே சான்று திரும்ப வந்தால் அதே எண். பட்டியல் அகர வரிசையில் போகாது, வந்த வரிசையில்தான் போகும். ஆசிரியரின் குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்துகள் பின்னால், புள்ளி கிடையாது. ஆறு பேர் வரைக்கும் எல்லாப் பெயரும் வரும். அதற்கு மேல் போனால் ஆறு பேரோடு நிறுத்தி ‘எட் ஆல்’ போட வேண்டும். ‘மற்றும் பிறர்’ என்பதற்கு லத்தீன். இதழின் பெயரையும் நம்ம இஷ்டத்துக்குச் சுருக்க முடியாது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வைத்திருக்கிற சுருக்கம்தான் செல்லும். 1913இல் தொடங்கிய இண்டியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், ‘இண்டியன் ஜெ மெட் ரெஸ்’ ஆகிவிடும். பிறகு ஆண்டு, தொகுதி, அடைப்புக்குறிக்குள் இதழ் எண், கடைசியில் பக்கம்.

முதல் இடறல் பெயரிலேயே வந்தது. குடும்பப் பெயர் என்று கேட்டால் வடக்கே பெரும்பாலும் சாதியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். இங்கே 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நமக்கோ விடுவதற்கே பட்டம் கிடையாது. அப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் சொத்து. பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரைக் கடைசியில் விரித்து எழுதினவர் கட்டுரை எழுதினால், பட்டியலில் அப்பா ஆசிரியராகிவிடுகிறார். எழுதினவர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றின பெண் இரண்டு ஆளாகிவிடுகிறார். 2012இல் வந்த ஆர்கிட் என்கிற 16 இலக்க அடையாள எண் இதற்கு ஓரளவு மருந்து.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. நெஞ்சில் குத்தினது வேறு.

கட்டுரையில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பற்றி ஒரு பத்தி. கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை மாதிரி நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்கிற அளவை எட்டினால் மோப்பம் மரத்துப்போகும். வாயு கூடிக்கொண்டே போகும், மூக்குக்குத் தெரியாது. இன்னும் பல மடங்கு கூடினால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவான். இந்தப் பத்திக்கு மேற்கோள் எண் 4. வெளிநாட்டு நச்சியல் கட்டுரை ஒன்று.

டாக்டரின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தொழிலாளி சொன்னது இருந்தது. “நாத்தம் அடிச்சாத் தாங்கிக்கலாம் சார். திடீர்னு நாத்தம் நின்னுபோச்சுன்னா கயித்த ஆட்டிட்டு மேல ஏறிரணும். எங்க மாமன் சொல்லிக் குடுத்தது. அந்த மாமனும் குழியிலதான் போய்ச் சேந்தாரு.”

இரண்டும் ஒரே விசயம். ஒன்று சோதனைக்கூடத்தில் தெரிந்தது, இன்னொன்று பிணம் தூக்கித் தெரிந்தது. முன்னதுக்கு எண் உண்டு, பின்னதுக்கு இல்லை. நேரில் சொன்ன செய்தியைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது விதி. தவிர்க்கவே முடியாவிட்டால், சொன்னவர் பெயரையும் தேதியையும் கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் போடலாம். அதற்கும் அவரிடம் எழுதி வாங்க வேண்டும். அவரோ, “பேரு மட்டும் போட்ராதீங்க சார், காண்ட்ராக்டர் வேலைய விட்டுத் தூக்கிருவான்” என்று கும்பிட்டிருக்கிறார்.

சாவுக்கு மட்டும் வழி இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதை 30 லட்சமாக்கி 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. தீர்ப்பையும் பத்திரிகைச் செய்தியையும் முறைப்படி மேற்கோள் காட்டலாம். ஆக, குழிக்குள் செத்தவன் செய்தியாகவோ தீர்ப்பாகவோ பட்டியலில் ஏறிவிடுகிறான். உயிரோடு மேலேறி வந்து தான் கண்டதைச் சொல்கிறவனுக்கு எண் கிடையாது.

விதியே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். படிக்கிறவர் சந்தேகப்பட்டால் தேடிப்போய்ச் சரிபார்க்க வேண்டும், அதற்குத்தான் ஆண்டும் பக்கமும். நோட்டுப் புத்தகத்தை எங்கே போய்த் தேடுவது? அச்சில் வராத சொல்லுக்கு முகவரி இல்லை. யார் சொல் அச்சில் ஏறுகிறது, யார் சொல் வாயோடு போகிறது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு முன்னால் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர். சித்த வைத்தியர். 1907 ஜூன் 19ஆம் தேதி சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். 1914இல் இறந்துபோனார். பிறகு ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தபோது, கட்டுரைகளின் கீழே மலர், இதழ், தேதி இருந்தது. எப்படி வந்தது? வாரந்தோறும் இதழில் அதை அச்சிட்டு வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு எவனும் “இது எங்கே இருக்கிறது?” என்று கேட்டு நம்ம வாயை அடைக்க முடியவில்லை.

நம்ம சிறுபத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை இதழில் மாதமில்லை, ஆண்டில்லை, பக்க எண்ணில்லை! காசு கிடைத்தபோது அச்சடித்தோம், சரி. ஆனால் அந்தச் சாட்சியத்தை நாளைக்கு ஒரு டாக்டரோ வக்கீலோ எப்படி மேற்கோள் காட்டுவார்?

தோழரிடம் இரண்டு சொன்னேன். ஒன்று, தொழிலாளி சொன்னதை அவர் சொன்னபடியே, பெயரில்லாமல், கட்டுரையின் முடிவுகள் பகுதியில் வையுங்கள். இரண்டு, அவர் சம்மதித்தால் புனைபெயரில் முழுச் சாட்சியத்தையும் நம்ம இதழ் ஒன்றில் போடுவோம். ஊர், வேலையிடம், காண்ட்ராக்டர் எதுவும் தெரியாதபடிக்கு. ஆனால் ஆண்டும் இதழ் எண்ணும் பக்கமும் தெரியும்படிக்கு. அடுத்த கட்டுரையில் அது எண்ணோடு வரும். டாக்டர் ஒத்துக்கொண்டார். தொழிலாளி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இதழ் நடத்துகிற தோழர்களே, அட்டையில் மாதமும் ஆண்டும் போடுங்கள். பக்கத்துக்கு எண் போடுங்கள். ஒரு பிரதியை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். ஆதாரம் எங்கே என்று கேட்கிறவன் முன்னால் பக்க எண்ணோடு போய் நிற்போம்.