பிளக்கைக் கழட்டிப் பாருங்க, அப்புறம் இஞ்சினைப் பிரிக்கலாம்



இந்தத் தடவை மாடு, மழை, மஞ்சள் விலை எதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக் பத்தி எழுதறேன். டவுன்ல கார் வெச்சிருக்கிற நிறையப் பேர் அதைக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டீங்க. சர்வீசுக்கு விட்டா பில்லுல ஒரு வரியா வரும், அவ்வளவுதான். தோட்டத்துல அப்படி இல்லைங்க. பவர் வீடர், மருந்தடிக்கிற மிஷின், புல்லு வெட்டற மிஷின்னு பெட்ரோல்ல ஓடற எல்லாத்துலயும் ஒரு பிளக் இருக்கு. அது மக்கர் பண்ணினா அன்னைக்கு வேலை போச்சு. அதனால பிளக் ஸ்பேனர் எங்க வீட்டுல மம்முட்டிக்குப் பக்கத்துலயே தொங்கும்.

எங்க ஊர் சத்தியமங்கலம் பக்கம். மல்லிகைப்பூ ஊர். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கே நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டு மொட்டுப் பறிக்க இறங்கிருவாங்க. காலையில ஏலத்துக்குப் பூ மார்க்கெட் போய்ச் சேரணும். லேட்டாகி மொட்டு விரிய ஆரம்பிச்சா விலை இறங்கிரும்.

பங்காளி மகன் ஒருத்தன், என்னைப் பெரியப்பான்னு கூப்பிடறவன், போன வருசம் ஒரு பழைய ஆம்னி வாங்கினான். 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி. சம்சாரத்தோட செயினை பேங்க்ல வெச்சு வாங்கினது. தன் அரை ஏக்கர் பூவோட, வழியில அஞ்சாறு தோட்டத்துப் பூவையும் ஏத்திக்கிட்டு மார்க்கெட் போவான். கொஞ்ச நாள்ல வண்டி தகராறு பண்ண ஆரம்பிச்சது. காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். ஆக்சிலேட்டர் கொடுத்தா குலுங்கும். மேட்டுல இழுக்காது. ரெண்டு நாள் ஏலம் முடிஞ்சு போய்ச் சேந்தான். டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல சைலன்சர் கறுப்புப் புகையைப் பாத்துட்டு, "ரிங் போச்சு, இஞ்சினை இறக்கணும், முப்பத்தஞ்சாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க.

"பெரியப்பா, வளையலையும் வெச்சிரலாம்னு பாக்கறேன்"னு சாயங்காலம் வந்து நின்னான்.

"இருடா கண்ணு. மொதல்ல மூணு பிளக்கையும் கழட்டிப் பாக்கலாம்"னேன்.

ஆம்னிக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில இருக்கு. 796 சி.சி., மூணு சிலிண்டர், மூணு பிளக். வண்டி நல்லா ஆறினப்புறம்தான் கை வெக்கணும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டுல கழட்டினா மரை போயிரும். பிளக்கைச் சுத்தி இருக்கிற மண்ணை ஊதி எடுத்துட்டுத் திருகணும், இல்லைன்னா அது சிலிண்டருக்குள்ள விழும். ஒயர் மாறிடக் கூடாதுன்னு 1, 2, 3னு டேப் ஒட்டிக்கிட்டோம்.

பயிருக்கு என்ன குறைன்னு இலையைப் பாத்துச் சொல்றோம் இல்லைங்களா, இஞ்சினுக்கு பிளக்கோட முனைதான் இலை. காப்பித்தூள் கலர்ல இருந்தா எல்லாம் சரி. லாந்தர் கண்ணாடியில படியற மாதிரி காய்ஞ்ச கரி இருந்தா பெட்ரோல் அதிகம் போகுது, இல்லை காத்து பத்தலை, இல்லை பிளக் தேவைக்கு மேல கோல்டு. பிசுபிசுன்னு எண்ணெய் ஈரம் இருந்தா ஆயில் மேல ஏறுது, அப்போ ரிங்கையோ வால்வு சீலையோ பாக்கணும். வெள்ளை வெளேர்னு வெந்து போயிருந்தா சூடு அதிகம்.

தம்பி வண்டியில மூணுமே காய்ஞ்ச கரி. எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு இல்லை. ஆயில் எரிஞ்சா புகை நீலமா வரும், பெட்ரோல் சரியா எரியலைன்னாதான் கறுப்பா வரும். பிளக் சொன்னதும் புகை சொன்னதும் ஒண்ணாத்தான் இருந்தது.

அடுத்து பிளக் மேல இருந்த நம்பரை வண்டிப் புத்தகத்துல இருக்கிற நம்பரோட வெச்சுப் பாத்தோம். ரெண்டு படி கோல்டான பிளக்! ரேஸ் வண்டிக்குப் போடறது, பிக்கப் நல்லா இருக்கும்னு யாரோ சொல்லி, வித்தவர் மாட்டி விட்டிருக்கார்.

இந்த ஹாட்டு, கோல்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லணும். பொறி பலமா வருதா இல்லையாங்கிறது இல்லை இது. முனையில ஏற்ற சூட்டை எவ்வளவு வேகமா சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துதுங்கிறதுதான். உள்ளே இருக்கிற வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமா இருந்தா சூடு தங்கும், அது ஹாட். குட்டையா இருந்தா சீக்கிரம் கடத்திரும், அது கோல்டு. முனை சுமார் 450, 500 டிகிரியாவது சூடானாதான் படியற கரி தானா எரியும். 800 டிகிரியைத் தாண்டிப் போனா பொறி வர்றதுக்கு முன்னாடியே அந்தச் சூட்டுலயே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டனுக்கே ஆபத்து. விரட்டி ஓட்டற ரேஸ் வண்டிக்கு கோல்டு பிளக் சரி. தோட்டம் தோட்டமா நின்னு, ஐடிலிங்ல பூ ஏத்தி, பதினாலு கிலோமீட்டர் போற வண்டியில அது சூடாகவே ஆகாது. நஞ்சை விதையைப் புஞ்சையில போட்ட கதைதான்.

நம்பர்ல ஒரு பொறி இருக்கு. என்.ஜி.கே. பிளக்குல நம்பர் ஏற ஏற கோல்டு. பாஷ் பிளக்குல நம்பர் ஏற ஏற ஹாட். கம்பெனி மாத்தறப்ப "அதே நம்பர் கொடுங்க"ன்னு கேட்டா தப்பாப் போயிரும். பி.பி.6.இ.எஸ்.னு ஒரு என்.ஜி.கே. பிளக் இருந்தா, முதல் பி-ங்கிறது 14 மி.மீ. மரை, ரெண்டாவது பி முனை வெளியே நீட்டினது, 6 சூட்டு நம்பர், இ-ங்கிறது 19 மி.மீ. மரை நீளம். நடுவுல ஆர் வந்தா ரெசிஸ்டர் உள்ளது. மரை நீளத்துல விளையாடவே கூடாதுங்க. நீளம் கூடினா பிஸ்டன்ல இடிக்கலாம்.

புத்தகத்துல இருந்த நம்பர்லயே மூணு பிளக் வாங்கினோம். ஃபீலர் கேஜ் வெச்சு இடைவெளி பாத்தோம். பழைய கார்பரேட்டர் வண்டிக்கு 0.7, 0.8 மி.மீ. போதும். புது இஞ்சின் சிலதுக்கு 1.1 வரைக்கும் வரும். மாட்டறப்ப கையாலயே கடைசி வரை திருகி, அப்புறம் ஸ்பேனர்ல அரைச் சுத்து. பலம் காட்டினா மரை போயிரும். ஏர் ஃபில்டரைத் திறந்தா கால் படி மண்ணு, அதையும் மாத்தினோம். ஆயிரம் ரூபாய் கூட ஆகலை.

அதோட விடலை. வேற ஒரு மெக்கானிக்கிட்ட போய் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டிச்சு. ரிங் நல்லா இருக்குன்னு அப்புறம்தான் தம்பி நம்பினான். ஒரு வேளை பிளக் எண்ணெய்ல நனைஞ்சு, கம்ப்ரஷனும் இறங்கி இருந்தா நானே இஞ்சினைப் பிரின்னுதான் சொல்லியிருப்பேன். தேய்ஞ்ச ரிங்கைப் புது பிளக் சரி பண்ணாது.

இரிடியம் போடலாமான்னும் கேட்டான். நல்ல சாமான்தான். முனை மெல்லிசு, தேய்மானம் கம்மி, ரொம்ப நாள் வரும். கம்பெனியே இரிடியம் போட்டு வர்ற கார்னா அதையேதான் போடணும். அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது, முனை போயிரும். ஆனா சாதா பிளக்குக்குன்னு செஞ்ச இந்தப் பழைய இஞ்சினுக்கு அந்தக் காசு தேவையில்லை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பிளக்கை மட்டும் கழட்டிப் பாத்தோம். காப்பித்தூள் கலர்.

நீங்க ஸ்பேனர் எடுக்க வேண்டாம். உங்க காருக்கு என்ன பிளக், எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னு புத்தகத்துல பாத்து போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. மாத்தினா பழைய பிளக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்க. இஞ்சின் வேலைன்னு யாராவது பெரிய தொகை சொன்னா, பிளக்கைக் காட்டச் சொல்லுங்க, கம்ப்ரஷன் எவ்வளவுன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா கோவிச்சுக்க மாட்டார்.

தம்பி இப்போ நேரத்துக்கு ஏலத்துக்குப் போறான். வளையல் வீட்டுலயேதான் இருக்கு. செயினை வர்ற ஆடிக்குள்ள திருப்பிரணும்னு சொல்லிட்டிருக்கான்.