அரை ஒற்றை

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வாசிகசாலை விறாந்தையில் இரண்டு வாங்கை எதிரெதிரே இழுத்துப் போடுவோம். எழுதியதை வாசித்துக் காட்டக் கூடும் ஏழெட்டுப் பேர்தான். 1990 இல் போரோடு போன கரண்ட் திரும்பி வராத யாழ்ப்பாணத்து வலிகாமம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு விளக்குக் கொளுத்திக் கதை வாசிப்பது ஊதாரித்தனம் என்று அம்மா சொல்லுவா.

ஆளுக்குக் கிழமைக்கு அரை ஒற்றை. இலக்கியக் கொள்கை ஒன்றுமில்லை, தாள் இல்லை. 'உதயன்' பேப்பரே கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. எங்களுக்கு வாய்த்தது பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கம். முன்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை பிழைவிட்ட கணக்கு, மறுபக்கத்தில் என் கதை. வெட்டி எழுத இடமில்லாததால் ஒரு வசனத்தை மனதுக்குள் நாலுதரம் உருட்டிவிட்டுத்தான் பேனையைத் தொடுவேன். மாதம் முடிய எல்லாவற்றையும் தையல்கார அக்கா ஊசிநூலால் தைத்து அலுமாரியில் வைப்பா. திறப்பு என் பொறுப்பு.

வாசிக்கிறதில் நான் எப்போதும் கடைசி ஆள். அதற்குள் இருட்டிவிடும், முகம் தெரியாது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கும் பிழைத்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்ட விளக்கு ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதை வாசிக்கிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். முழு விறாந்தையிலும் வெளிச்சம் விழுகிற ஒரே முகம் என்னுடையது! குரல் நடுங்கும், தாள் நடுங்கும், சுவாலையும் சேர்ந்து நடுங்கும்.

எங்களோடு கூடும் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நல்லது கெட்டது சொன்னதில்லை. ஏதோ ஓரிடத்தில் மட்டும், "தம்பி, அந்த வசனத்தைத் திரும்ப வாசியும்" என்பார். இரண்டாம் தரம் வாசிக்கையில் அதிலுள்ள பொய் எனக்கே கேட்கும். பங்கருக்குள் பதுங்கிக் கிடந்த இரவைப் பற்றிய கதையில் நிலவைப் பாலாய்ப் பொழியவிட்டிருந்தேன். அங்கே இருந்ததோ ஈரச் சாக்கின் மணமும் மட்டத்தேள் பயமும்.

தையல்கார அக்கா ஒருமுறை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்கும் தகப்பனைப் பற்றி எழுதினா. மாஸ்டர் எதையும் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. வாசித்து முடிந்த பிறகும் கண் திறக்கவில்லை. எனக்கு இரண்டு கிழமை பொறாமை. பாராட்டுத்தான் எழுத்தாளனை வளர்க்கும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். என்னை வளர்த்தது அந்தப் பொறாமை.

எந்தச் சனிக்கிழமை என்று ஞாபகமில்லை, 1994 ஆக இருக்கவேண்டும். ஐந்து மணிக்கே, நல்ல வெளிச்சத்தில், "இண்டைக்கு நான் முதலில் வாசிக்கிறன்" என்று எழும்பினேன். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. போத்தல் விளக்கு ஒரு மூலையில் கிடந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்க, வலிகாமமே எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. தைத்த கட்டுகள் அலுமாரியில், திறப்பு என் காற்சட்டைப் பையில். நெரிசலுக்குள் மாஸ்டரைக் கண்டேன். தலையில் பொலித்தீன் பை, சைக்கிள் நிறைய மூட்டை.

"தம்பி, சனிக்கிழமை எங்கை கூடுறது?"

பைக்குள் திறப்பைத் தடவிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து சனம் தள்ளியது. அவருடைய சைக்கிள் முன்னால் போய்விட்டது.