சத்தமில்லாமல் வந்த சீமான்

கோடிக் கணக்கில் விலை சொல்லும் ஒரு காரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆபீசுக்குப் போவது பஸ்ஸில். ஆனால் பட்டுப் புடவைக் கடையின் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் வாங்கவா நிற்கிறார்கள்? பார்ப்பதற்குக் காசு கிடையாது. அபிப்பிராயம் சொல்வதற்கும் கிடையாது!

அந்தக் காரின் பெயர் பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி. இங்கிலாந்தில் க்ரூ என்ற ஊரில் செய்கிறார்கள். 'ஜி.டி.' என்றால் 'கிராண்ட் டூரர்'. காலையில் ஒரு தேசத்தில் பெட்டியுடன் கிளம்பி, இரவு இன்னொரு தேசத்தில் சட்டை கசங்காமல் இறங்குவதற்கென்றே ஏற்பட்ட வண்டி. கதவுகள் இரண்டே இரண்டு. பின்னால் இரண்டு ஆசனம் உண்டு. அதில் குழந்தைகள் உட்காரலாம். மாமியாரை உட்கார வைத்தால் குடும்பத்தில் குழப்பம் வரும்.

2024 ஜூன் மாதம் இந்தக் காரின் நாலாவது தலைமுறை வெளிவந்தது. வந்ததுதான் தாமதம், ரசிகர்கள் உலகத்தில் ஒரே அமளி! காரணம், 2003 முதல் இதன் பெருமையாக இருந்து வந்த 12 சிலிண்டர் எஞ்சினைக் கை கழுவிவிட்டார்கள். அதற்குப் பதில் 8 சிலிண்டர் எஞ்சின் ஒன்று, துணைக்கு ஒரு மின்சார மோட்டார், பின்பக்கம் ஒரு பெரிய பாட்டரி. பாட்டரியை மட்டும் கொண்டே சுமார் 80 கிலோமீட்டர் ஓடும் என்கிறது கம்பெனி. எஞ்சினும் மோட்டாரும் கை கோத்துக் கொண்டால் 782 குதிரைச் சக்தி! நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.2 விநாடி போதும். நாம் ஒரு தும்மல் போட்டு, கைக்குட்டையைத் தேடுவதற்குள் ஆகிவிடும்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறீர்களா? ரசிகர்கள் அவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்பட்டுவிடுவார்களா! ஒரு கட்சி எடையைப் பிடித்துக் கொண்டது: 2,459 கிலோ. இன்னொரு கட்சிக்கு முகம் பிடிக்கவில்லை. முன்பு பக்கத்துக்கு இரண்டாக இருந்த வட்ட விளக்குகள் இப்போது பக்கத்துக்கு ஒன்றாகி, அதன் குறுக்கே புருவம் தீட்டினாற் போல் ஒரு கோடும் வந்துவிட்டது. கம்பீரம் என்கிறவர்களும் உண்டு. தூக்கக் கலக்கம் என்கிறவர்களும் உண்டு. மூன்றாவது கட்சியின் புகாரில் நாமே கலந்துகொள்ளலாம். பாட்டரிக்கு இடம் விட்டதில் டிக்கி சுருங்கி சுமார் 260 லிட்டர் ஆகிவிட்டது. நெடும் பயணத்துக்கென்றே பிறந்த காரில் பெட்டி வைக்க இடம் குறைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் புகழ்ந்தும் இருக்கிறார்கள். பாட்டரி பின்னால் இருப்பதால் முன்பாரம் குறைந்து, இவ்வளவு கனமான வண்டி வளைவுகளில் வளைந்து கொடுக்கும் அழகே அலாதி என்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டை எல்லாம் அமுக்கிவிட்டது ஒரே ஒரு குறை. காலையில் பொத்தானை அழுத்தினால் கார் உறுமுவதில்லை. மின்சாரத்தில், பூனை மாதிரி நழுவிப் போகிறது. 'சத்தம் போச்சே!' என்பதுதான் பழைய ரசிகர்களின் பெரிய அங்கலாய்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 1998-ல் பென்ட்லி கம்பெனியை ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் வாங்கிற்று. 2003-ல் இந்த 12 சிலிண்டர் எஞ்சினோடு முதல் கான்டினென்டல் ஜி.டி. வந்தபோது, 'இது பென்ட்லியே அல்ல. உள்ளே இருப்பதெல்லாம் வோல்க்ஸ்வாகன் எலும்பு' என்று முகம் சுளித்தவர்கள் இதே ரசிகர் கூட்டத்தில்தான் இருந்தார்கள். இருபது வருஷம் கழித்து, அதே எஞ்சின் விடைபெறுகிறது என்றதும் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். புது மருமகளாய் வந்தபோது குறை சொன்னவர்கள், அவள் தனிக்குடித்தனம் போகும் போது அழுகிறாற் போலத்தான்!

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை இன்னும் அதிகம். கம்பெனியை 1919-ல் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கே ஒரு புது பென்ட்லி பிடிக்காமல் போயிருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் 'சூப்பர்சார்ஜர்' கருவியை அவர் வெறுத்தார். டோரத்தி பாஜெட் என்ற பணக்காரச் சீமாட்டியின் பண உதவியோடு, பந்தய வீரர் பிர்கின் அதைப் பொருத்தியே தீர்த்தார். அந்த 'ப்ளோயர்' காருக்கு இன்று இருக்கிற மவுசைச் சொல்ல முடியாது. அதே அச்சில் 12 கார்களைப் புதிதாகச் செய்யப் போவதாக 2019-ல் கம்பெனியே அறிவித்தது!

1931-ல் ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போன பிறகு, 1933-ல் வந்த பென்ட்லியை எப்படி விளம்பரம் செய்தார்கள் தெரியுமா? 'சத்தமில்லாத ஸ்போர்ட்ஸ் கார்' என்று! அன்று பெருமையாகச் சொன்னது இன்று குறையாகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சரியான குறை சொல்லிக் கூட்டம்' என்று முதலில் சிரித்தேன். பிறகு மில்ட்ரெட் ப்ரூஸ் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தேன். 1929-ல் பாரிஸுக்கு அருகே மோன்லெரி பந்தயத் தளத்தில், 24 மணி நேரம் தனி ஒருத்தியாகப் பென்ட்லியை ஓட்டினாளாம், சராசரி மணிக்கு சுமார் 144 கிலோமீட்டர் வேகத்தில். ஒரு முழு இரவும் பகலும் அவளுக்குப் பேச்சுத் துணை அந்த எஞ்சினின் உறுமல் ஒன்றுதான். அதைப் போய் வெறும் இரைச்சல் என்று சொல்லிவிட முடியுமா?

எங்கள் வீட்டிலேயே இதற்குப் பதில் இருந்தது. அப்பாவிடம் ஒரு பழைய அம்பாஸடர் இருந்தது. தெருக் கோடியில் அது திரும்பும்போதே ஒரு செருமல் செருமும். அம்மா கூடத்தில் எந்த வேலையாக இருந்தாலும் எழுந்து போய் அடுப்பில் பாலை வைப்பாள். அப்பா செருப்பைக் கழற்றுவதற்கும் காப்பி நுரைத்துக் கொண்டு வருவதற்கும் சரியாக இருக்கும். ஒருநாளும் கணக்குத் தவறியதில்லை.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் தம்பி மின்சாரக் கார் வாங்கினான். முதல் நாள் சாயங்காலம் அது வாசலில் வந்து நின்றதே தெரியவில்லை. அவன் உள்ளே நுழைந்ததும் அம்மா தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"என்னடா இது, திருடன் மாதிரி வந்து நிற்கிறாய்?"

தம்பி பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்லை, இரைச்சல் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அம்மா பொறுமையாகக் கேட்டுக் கொண்டாள்.

"எல்லாம் சரிடா. நீ வருவது எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

அன்று முதல் அந்த ரசிகர்களை நான் கேலி செய்வதில்லை. அவர்கள் அழுவது சிலிண்டர்களுக்காக அல்ல. தெருக் கோடியில் கேட்டுப் பழகிய ஏதோ ஒரு சத்தத்துக்காகத்தான்.

அதற்காகப் புதிய காரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புகை குறைவதும், விடியற்காலையில் அடுத்த வீட்டுக் குழந்தை விழிக்காமல் இருப்பதும் நல்ல காரியம்தானே!

தம்பி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். தெருக் கோடியில் திரும்பும்போது ஹாரனை லேசாக இரண்டு முறை தட்டுகிறான். எதிரே யாரும் இல்லாத போது எதற்கு ஹாரன் என்று அக்கம் பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள். அம்மா எழுந்து போய் அடுப்பில் பாலை வைக்கிறாள்.

அந்தப் பென்ட்லியை வாங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் வீட்டிலும் யாராவது காத்திருப்பார்கள் அல்லவா?