வண்டிவீடு

வீடு என்பது நிலைத்து நிற்பது. வண்டி என்பது நில்லாமல் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. நம் முன்னோரின் கூண்டு வண்டியில் அவ்வாசையின் சிறு கீற்றைக் காணலாம். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, திருவிழாவுக்குப் புறப்பட்ட குடும்பம் அதற்குள்ளேயே உண்டு உறங்கி, விடியற்காலையில் கோயில் வாசலில் இறங்கியது. மேலைநாட்டார் அதே ஆசையை மகிழுந்தின் பின்னால் கட்டி இழுத்தனர். டிரெய்லர் என்றும் காரவன் என்றும் அதனை அழைக்கின்றனர். தமிழில் என்ன பெயர் சூட்டலாம் என்று எண்ணிப் பார்த்தேன். 'இழுவை இல்லம்' என்றால் அரசாங்க அறிக்கையைப் படிப்பது போல் இருக்கிறது. 'வண்டிவீடு' என்பது என் காதுக்கு இதமாக ஒலிக்கிறது. அவ்வாறே எழுதுகிறேன், இதனினும் நல்ல சொல் கிடைத்தால் ஆசிரிய நண்பர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வண்டிவீடுகளுள் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம். வெள்ளி முட்டை ஒன்றைப் படுக்க வைத்துச் சக்கரம் பூட்டியது போன்ற உருவம் அதற்கு. இவ்வுருவத்தின் பிறப்பிடம் விமானக் கொட்டகை. 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் அட்லாண்டிக் பெருங்கடலைத் தன்னந்தனியாகக் கடந்தாரல்லவா? அந்த விமானத்தின் கட்டுமான வேலையை மேற்பார்த்தவர் ஹாலி பௌலஸ். அவர் 1934இல் அலுமினியத் தகடுகளை விலாச்சட்டங்களின் மேல் தறையாணிகளால் பூட்டி ஒரு வண்டிவீட்டைச் செய்தார். அதன் வாயில், மகிழுந்தோடு இணையும் முன்மூக்கின் மேல் அமைந்திருந்தது. வாலி பயாம் என்பவர் அவ்வமைப்பைத் தழுவி, வாயிலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் 'கிளிப்பர்' என்ற பெயரில் வெளியிட்டார். விலை 1,200 டாலர். நால்வர் அதில் உறங்கலாம். தண்ணீர்த் தொட்டியும் மின்விளக்கும் இருந்தன. உலகப் போரின்போது அலுமினியம் முழுவதும் விமானங்களுக்கே தேவைப்பட்டதால் பயாமும் விமானத் தொழிலுக்கே சென்றார். போர் முடிந்தபின் மீண்டும் வண்டிவீட்டுக்கு வந்தார். 1952இல் ஒஹாயோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்னும் சிற்றூரில் எழுந்த தொழிற்சாலை இன்றும் அவ்வூரிலேயே இயங்கிவருகிறது.

இந்த வண்டிவீடுகளுக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவுண்டு. 1962இல் பயாம் மறைந்தார். மறு ஆண்டு, மலேசியா பிறந்த அதே 1963இல், அவர் பெயரைத் தாங்கிய வண்டிவீட்டு அணி ஒன்று சிங்கப்பூரில் தன் நெடும்பயணத்தைத் தொடங்கி, 1964இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் முடித்தது. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய மூவரையும், நோய்க்கிருமி ஏதும் உடன் வந்திருக்குமோ என்று அஞ்சி, ஏர்ஸ்ட்ரீம் கூட்டை மாற்றியமைத்துச் செய்த ஓர் அறைக்குள்தான் அடைத்து வைத்தார்கள். நிலவில் நடந்தவர்கள் தரைக்கு வந்து தங்கிய முதல் வீடும் ஒரு வண்டிவீடே.

அக்காலத்து வண்டிகளுக்கு இப்போது அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவற்றைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பதில் அமெரிக்கர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர். ஒஹாயோவின் டேட்டன் நகருக்கு அருகில் வாழும் என் தங்கை மகனும் அப்படி ஒருவன். 1966இல் உருவான 22 அடி 'சஃபாரி' ஒன்றை 2019ஆம் ஆண்டுக் கோடையில் மலிவாக வாங்கினான். அவ்வாண்டு இறுதி விடுமுறையில் ஐந்து வாரங்கள் அவனுடைய மரக்கொட்டகையில் அந்த வேலையை அருகிருந்து கண்டேன். சிலவற்றில் கையும் கொடுத்தேன்.

வாங்கியபோது வண்டி பார்வைக்கு நன்றாகவே இருந்ததாம். முன்னே வைத்திருந்தவர் உட்சுவருக்கு வெண்சாயம் பூசி, தரைக்குப் புதிய விரிப்பு ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர். விமானத் தகட்டு வேலையில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்க்க வந்தவர் விளக்கையும் அடுப்பையும் கண்ணெடுத்தும் பாராமல், நேரே பின்பக்கம் சென்று பம்பரின் மேல் ஏறி நின்றாராம். பம்பர் இறங்கியது, வண்டியின் கூடு இறங்கவில்லை. இடையில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பின்னர் உள்ளே சென்று, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ஒரு குத்தூசியைப் பலகையில் அழுத்தினார். வெல்லத்தில் இறங்குவது போல் இறங்கியது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். இத்தகைய வண்டியின் அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் பிளைவுட் தரை. தரையின் விளிம்பைச் சுற்றி 'ப' வடிவில் மடித்த அலுமினியப் பட்டை. அப்பட்டையில் பூட்டப்பட்டது மேற்கூடு. கூட்டையும் சட்டத்தையும் இணைக்கும் திருகாணிகள் தரைப்பலகையின் ஊடாகவே செல்கின்றன. ஆகவே தரை என்பது நாம் கால் வைக்கும் இடம் மட்டுமன்று. மூன்றையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் கைப்பிடி. சன்னல் ஓரத்திலோ, பின்விளக்கின் அடியிலோ, கூரையின் காற்றுத்துளை அருகிலோ நுழையும் ஒரு சொட்டு நீர், இரு தகடுகளுக்கு நடுவே யாரும் அறியாமல் வழிந்து, பலகையின் விளிம்பில் வந்து தங்கும். ஐம்பது ஆண்டு மழை அவ்வாறு தங்கினால் எந்தப் பலகை தாங்கும்? பலகை உளுத்த இடத்தில் திருகாணிக்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பற்ற கூடு சாலையில் ஓடும்போது சட்டத்தை விட்டு எழும்பி எழும்பி விழும்.

தங்கை மகன் அன்றிரவே தொலைபேசியில் என்னை அழைத்தான். "மாமா, கெட்ட இடத்தை மட்டும் வெட்டி, மேலே ஒரு புதுப் பலகையைப் போட்டு மூடிவிட்டால் தெரியவா போகிறது?" என்றான். வாங்கிய விலையைப் போல் இருமடங்கு செலவு எதிரே நின்றது; அவன் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. ஆயினும் அவனுடைய இரண்டு பிள்ளைகள் அந்தத் தரையின்மேல்தான் உறங்கப் போகிறார்கள். "பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்" என்றேன். முதியவரின் கருத்தோ ஒரே வரி: கூட்டைக் கழற்றித் தூக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக் கூடு மரத்தாங்கிகளின் மேல் தனியாக நின்றது. அடிச்சட்டம் வேறொரு மூலையில் கிடந்தது. உட்தகடுகளையும் கழற்றி, எண்ணிட்டு அடுக்கியிருந்தனர். இரு தகடுகளுக்கும் இடையே குளிர் தடுக்க வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சில் எலிகள் பல தலைமுறை வாழ்ந்திருக்கின்றன. எலிநீர் பட்ட இடமெல்லாம் அலுமினியம் அம்மைத் தழும்பு போல் குழிந்திருந்தது. மின்கம்பிகளின் உறையையும் கடித்து வைத்திருந்தன. வெண்சாயம் பூசியவர் இவற்றை ஒருபோதும் கண்டிருக்கமாட்டார். காண விரும்பியிருக்கவும் மாட்டார்.

சட்டத்தில் துருப்பிடித்த பகுதிகளை அறுத்தெறிந்து, புதிய இரும்பைப் பற்றவைத்து, சாயம் அடித்தனர். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். ஆதலால் இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் நடுவே காப்பு நாடா ஒட்டினர். புதிய தரைக்குக் கப்பற்பலகையைத் தேர்ந்து, அறுத்த விளிம்புகள் அனைத்துக்கும் எபாக்ஸி பூசினர். பலகை நீரைக் குடிப்பது விளிம்பின் வழியாகத்தானே!

அச்சைப் பற்றிய செய்தி நம் நாட்டவர்க்குச் சுவையானது. அக்காலத்து ஏர்ஸ்ட்ரீம் வண்டியில் சுருள்வில்லோ பட்டைவில்லோ இல்லை. அச்சு ஓர் இரும்புக் குழாய். அதற்குள் ஒரு சட்டம். சட்டத்தைச் சுற்றி நெருக்கித் திணித்த ரப்பர்த் தண்டுகள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்ள, ரப்பர் அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ரப்பரின் இயல்பைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயதானால் அது கல்லாகும். கல்லான பின் ஒவ்வொரு குழியின் அடியும் நேரே கூட்டுக்குப் போய், தறையாணிகளைத் தளர்த்தி, நீர் புக வழி செய்கிறது. கல்லான அச்சைப் பழுது பார்க்க இயலாது. அளவு கொடுத்துப் புதிய அச்சைத் தருவித்துப் பூட்டினர். மின் பிரேக்கும் அதனோடு புதிதாக வந்தது.

கூட்டின் சில தகடுகளை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலைக்குத்தான் என்னை அழைத்தனர். தறையாணி அடிக்க இருவர் வேண்டும். வெளியே நிற்பவர் காற்றுச் சுத்தியலை ஆணியின் தலையில் வைப்பார். உள்ளே நிற்பவர் கனமான ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பார். சுத்தியல் அதிர, வால் இரும்பில் மோதி மோதி நசுங்கிப் பரவும். தகடு இருவருக்கும் நடுவே திரையாக நிற்பதால் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. சுத்தியலின் ஓசையில் குரலும் கேளாது. எனவே விமானத் தொழிலாளர் ஒரு தட்டு மொழி வைத்திருக்கின்றனர். உள்ளே இருப்பவர் இரும்பால் ஒரு முறை தட்டினால் 'இன்னும் அடி'; இரு முறை தட்டினால் 'போதும், நன்று'; மும்முறை என்றால் 'ஆணி கெட்டது, எடுத்துவிடு'. ஆணி நன்றாக அமைந்ததா என்று காண்பவன் உள்ளே இருப்பவனே. வெளியே இருப்பவன் எத்துணைத் தேர்ந்தவனானாலும் அத்தட்டுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் கழிவுத் தகட்டில் பழகினோம். மறுநாள் முதியவர் வெளியே, நான் உள்ளே. என் ஆங்கிலம் அவருக்கும், அவருடைய ஒஹாயோ உச்சரிப்பு எனக்கும் முழுமையாகப் புரிந்ததென்று சொல்ல இயலாது. ஆனால் இரு நாள்களில் நூற்றுக்கு மேற்பட்ட ஆணிகளை அடித்தோம்; ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. கொட்டகைக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

தகட்டின் பொருத்துகளை அடைப்பதற்கும் முறையுண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிகான் பசையை முதியவர் அருகிலும் அண்டவிடவில்லை. அது நாளடைவில் தகட்டை விட்டு உரியும்; அது இருந்த இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. முன்னவர் பூசிய சிலிகானைச் சுரண்டி எடுப்பதிலேயே தங்கை மகனுக்கு மூன்று வாரம் கழிந்தது.

நான் ஊர் திரும்பிய பின் நடந்தவற்றை அவன் எழுதியனுப்பினான். பழைய வெப்ப அடுப்பின் உட்கூட்டில் வெடிப்பு இருந்ததால் அதனைக் கழித்துவிட்டான். வெடிப்பின் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். எரிவாயுக் குழாய்களைப் புதிதாக இழுத்து, காற்றழுத்தம் ஏற்றி, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்தான். புரோப்பேன் காற்றினும் கனமானது, தரையில் தேங்கும். அதன் அறிவிப்புக் கருவியைத் தரையருகே பொருத்தினான். குளியல், பாத்திரம் கழுவும் நீரை அக்கால வண்டிகள் பல நிலத்திலேயே விட்டுவிடும். இன்று அது தகாது. அதற்கொரு தொட்டி வைத்தான். லித்தியம் மின்கலத்தை உறைகுளிரில் மின்னேற்றக் கூடாது என்பதால் கட்டிலின் அடியில் வைத்தான். சூரியத் தகட்டைக் கூரையில் பூட்டவில்லை. கூரையில் இடும் ஒவ்வொரு துளையும் நாளைய ஒழுக்கு என்று, வெயிலில் நிறுத்தி மடக்கி எடுக்கும் வகையை வாங்கினான். அவன் செய்தவற்றுள் நான் மிகவும் மெச்சுவது இதுவே.

சமையல் மேடைக்குக் கருங்கல் போட வேண்டுமென அவன் விரும்பினான். இங்கேதான் நம் வண்டிக்காரரின் அறிவு நினைவுக்கு வந்தது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். வண்டிவீட்டுக்கும் அதே கணக்கு. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்மூக்கில் அமர வேண்டும். குறைந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி பாம்பைப் போல் ஆடத் தொடங்கி, இழுக்கும் மகிழுந்தையும் புரட்டிவிடும். புதுப்பிக்கிறேன் என்று கல்லையும் கண்ணாடியையும் ஏற்றி, பாரத்தை நிறுக்காமல் சாலையில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவன் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து, "கல் வேண்டாம், மரம் போதும்" என்று முடித்துவிட்டாள். ஒவ்வொரு சாமானையும் நிறுத்து ஏட்டில் எழுதி வைத்தவளும் அவளே. பழைய மர அலமாரிகள் கனமற்றவையாக இருந்ததால் அவற்றைத் துலக்கி மீண்டும் பூட்டினர்.

மெருகு மட்டும் இடவில்லை. அக்கூட்டின் தகட்டில் தூய அலுமினியம் மேலே மெல்லிய படலமாகவே உள்ளது. தேய்க்குந்தோறும் அது குறையும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கச் செய்வோர் அதற்கெனப் பல நூறு மணி நேரம் செலவிடுகின்றனர். "அதை என் பிள்ளைகள் பெரியவர்களாகிச் செய்யட்டும், மாமா" என்று எழுதியிருந்தான்.

2021ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நால்வரும் முதன்முறையாக அதில் தங்கினர். இரண்டாம் இரவு நல்ல மழை. அவன் முன்னதாகவே எல்லாச் சன்னல்களின் கீழும், நான்கு மூலைகளிலும் தாள் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தானாம். விடிந்ததும் பிள்ளைகள் கைவிளக்கோடு தவழ்ந்து சென்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தனர். கழிவறைப் பக்கத்துச் சன்னலின் கீழ் இருந்த ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் உலர்ந்திருந்தன. அன்று பிற்பகல் வெயில் வந்ததும், ஏணியை வைத்து, அந்தச் சன்னலின் பசையைச் சுரண்டத் தொடங்கினான்.