மயிலூற்றில் ஒரு பாடம்

"பெரம்பலூரில் அருவியா!" என்று சிரித்தார் நம் அண்டை வீட்டு நண்பர். "மக்காச்சோளம் உண்டு, பருத்தி உண்டு, சின்ன வெங்காயம் உண்டு. சித்திரை மாதத்து வெயிலைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அருவிக்கு எங்கே ஐயா போவது?"

நண்பரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தச் சீமையில் பதினைந்து வருஷம் உபாத்தியாயராகக் காலந் தள்ளிய பிறகும் நாமே அந்த அருவியைக் கண்ணால் பார்த்ததில்லை. குற்றாலத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். கொடைக்கானலில் பல் கிடுகிடுக்க நடுங்கிவிட்டு வந்திருக்கிறோம். நயாகரா நீர்வீழ்ச்சி எந்த இரு தேசங்களின் எல்லையில் இருக்கிறது என்று வருஷந்தோறும் பிள்ளைகளைக் கேட்டு, தெரியாமல் விழித்தவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. ஆனால் லாடபுரத்துக்கு அருகில், பச்சைமலையின் அடிவாரத்திலே இருக்கும் மயிலூற்று அருவிக்கு ஒரு நாளாவது போனோமா என்றால், இல்லை. தேசத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கும், தேசத்தை நாம் அறிந்திருக்கும் லட்சணத்துக்கும் இடையே அவ்வளவு தூரம்!

ஆகவே, ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு குடும்ப சமேதராகக் கிளம்பினோம். குடும்பம் என்றால் நாம், நமது தர்மபத்தினி, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், பத்து வயது மகன் ஆகிய நால்வர். ஐப்பசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த அருவி வற்றாத ஜீவநதியின் அருவியன்று. கோடையில் போனால் வெறும் பாறையைத்தான் தரிசிக்கலாம். வடகிழக்குப் பருவமழை மலைமேல் பெய்தால்தான் அதற்கு உயிர் வரும்.

பஸ்ஸிலேயே நமது பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டே தவிர, அவர் நாவுக்குக் கிடையாது. பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதைச் சொன்னோம். நாம் போகும் இந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் சமுத்திரம் அலை வீசியது என்றும், அதனால்தான் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சலும் சங்கும் கல்லாகிக் கிடக்கின்றன என்றும், அந்தச் சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகி ஊரெல்லாம் வீடாக நிற்கிறது என்றும் சொன்னோம். சாத்தனூரில் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் அதை உலகுக்கு அறிவித்தார் என்பதையும் விடவில்லை.

"அப்பா, அந்த மரம் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததா?" என்று கேட்டான் மகன்.

தர்மபத்தினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கியதிலிருந்து அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

லாடபுரத்தில் இறங்கி, வயல்களைத் தாண்டியதும் மலை நம்மை எதிர்கொண்டு வந்தது. தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலை, கிட்டே போகப் போகப் பச்சையாயிற்று. பாதை பெரிய காட்டுப் பாதையன்று. குழந்தைகளும் நடக்கக்கூடிய தூரந்தான். இரு புறமும் உசிலையும் வேம்பும் வெப்பாலையும் நின்றன. காரைச் செடிகளும் சூரை முட்களும் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அவசரம் என்ன?" என்று விசாரித்தன. எங்கோ ஒரு மயில் அகவிற்று. வழியில் ஓடை ஒன்று குறுக்கிட்டது. கணுக்கால் அளவு தெளிந்த நீர். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். குழந்தைகள் அதில் தபதபவென்று குதித்துக் கடந்தார்கள்.

ஓடைக்கு அக்கரையில் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் தொரட்டி, தலையில் மடித்துப் போட்ட பழஞ்சாக்கு. எங்களைப் பார்த்ததும், "குளிக்கப் போறீங்களா, சாமி? சுருக்காக் குளிச்சிட்டு வந்திடுங்க. மலை மேல கருக்கல் கட்டியிருக்கு" என்றாள்.

நாம் அண்ணாந்து பார்த்தோம். தலைக்கு மேலே ஆகாயம் துடைத்து வைத்த பித்தளைத் தாம்பாளம் போல் பளபளவென்றிருந்தது. கிராமத்து ஜனங்களின் நல்லெண்ணத்தைப் பாராட்டி ஒரு புன்னகை செய்துவிட்டு நடந்தோம். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

அருவியைப் பற்றி என்ன சொல்வது? குற்றாலத்தைப் போல் பேரிரைச்சல் கிடையாது, கூட்டம் கிடையாது, எண்ணெய்ப் பிசுக்கும் கிடையாது. கரும்பாறையின் மேல் வெண்பட்டை விரித்தாற்போல் ஜலம் வழிந்து விழுந்தது. அது விழும் இடத்தில் சிறு சுனை. மரங்கள் சுற்றிலும் குனிந்து நின்றதால், வெளியுலகத்துக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை போலிருந்தது. தலையை நீட்டிய கணத்தில், பதினைந்து வருஷமாகத் திருத்திய பரீட்சைத் தாள்களின் பாரம் அத்தனையும் இறங்கிப் போயிற்று. தர்மபத்தினி கூட, சமையற்கட்டில் ஒரு நாளும் கேட்டிராத குரலில் கலகலவென்று சிரித்தாள். பக்கத்துப் புதரில் உடைந்த கண்ணாடிப் புட்டிகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடந்ததுதான் ஒரு குறை. அவை தாமாக மலையிலிருந்து இறங்கி வரவில்லை. படித்தவர்கள்தான் சுமந்து வந்திருக்கவேண்டும்.

சாப்பாடு முடிந்து, இரண்டாவது தடவை நீராடலாமா என்று நாம் யோசிக்கும்போது, சுனையின் ஓரத்திலிருந்த மகன், "அப்பா, தண்ணீர் டீ மாதிரி ஆகிவிட்டதே!" என்றான்.

பார்த்தோம். வாஸ்தவந்தான். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் வேறு மிதந்து வந்தன. "இதற்குக் காரணம் மண்ணரிப்பு..." என்று நாம் விளக்கத் தொடங்கியதுதான் தாமதம், கீழேயிருந்து கிழவியின் குரல் கேட்டது: "ஏறி வாங்க! புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு வாங்க!"

அந்தக் குரலுக்கு முன்னால் நமது மண்ணரிப்பு எடுபடவில்லை. ஈரத் துணிகளை வாரிக்கொண்டு ஓடினோம். ஓடையண்டை வந்தால், காலையில் கணுக்கால் அளவிருந்தது இப்போது முழங்காலைத் தொடும் போலிருந்தது. நிறம் செங்கல்லைக் கரைத்த மாதிரி. ஆனாலும் அகலம் என்னவோ பத்தடிதான். அக்கரைக்குப் போய்விட்டால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தோம்.

வேட்டியின் பின்புறத்தை எதுவோ கொத்தாகப் பிடித்து இழுத்தது. திரும்பினால், கிழவியின் தொரட்டி!

"தாண்டக்கூடாது, வாத்தியாரய்யா! இந்தக் கரையிலேயே மேட்டுக்கு ஏறுங்க. பஸ்ஸு நாளைக்கும் வரும்."

நாம் வாத்தியார் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அப்போது அவகாசமில்லை. அவள் ஆடுகளோடு நாங்களும் மேட்டுப் பாறையில் ஏறினோம். ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். மலைக்குள்ளிருந்து கனத்த லாரி வருவது போல் ஒரு முழக்கம் கேட்டது. அடுத்த கணம், நாம் கால் வைத்த இடத்தில் இடுப்புயரத்துக்குச் செந்நீர் பாய்ந்தது; வேரோடு பிடுங்கிய மரக்கிளை ஒன்று அதில் உருண்டு போயிற்று. எங்கள் தலைமேல் அப்போதும் ஒரு துளி மழை இல்லை. மலைமேல் பெய்த மழை, ஓடை வழியாக எங்களைத் தேடி வந்திருந்தது.

மகள் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். தர்மபத்தினி மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. நம் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நாம் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

அந்த மௌனத்தில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மருதையாறும் இந்தப் பச்சைமலையில்தான் பிறக்கிறது. பெரம்பலூர்ச் சீமையைக் கடந்து, அரியலூர்ப் பக்கமாகப் போய்க் கொள்ளிடத்தில் கலக்கிறது. வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அந்த ஆறு பெருக்கெடுத்து ரயில் பாலத்தைச் சிதைத்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால்பகதூர் சாஸ்திரி அந்த விபத்துக்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் ராஜிநாமாக் கொடுத்ததுண்டு. நேரு அதை ஏற்கவில்லை. இந்தத் தடவை ஏற்கப்பட்டது.

இதை நாம் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். "அரியலூர் விபத்துக்காகப் பதவி விலகிய மந்திரி யார்?" என்று கேள்வியும் கேட்டிருக்கிறோம், சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் தவறாமல் கொடுத்திருக்கிறோம். சாஸ்திரியின் பெருமையை அறியவேண்டியது அவசியந்தான். ஆனால் அந்த ஆறு எங்கே பிறக்கிறது, மணலாகக் கிடந்த ஆறு ஏன் பொங்கியது, வெள்ளம் வருமுன் என்ன அடையாளம் காட்டும் என்று ஒரு பிள்ளைக்காவது நாம் சொல்லிக் கொடுத்ததுண்டா? நமக்கே தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு! மந்திரியின் பெயர் தெரிந்த நாம் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினோம். கிழவி தொரட்டியை நீட்டினாள்.

பொழுது சாயும் சமயத்தில் வெள்ளம் வடியத் தொடங்கிற்று. கிழவி முதலில் தொரட்டிக் கம்பை ஊன்றி ஆழம் பார்த்தாள். பிறகு ஆடுகளை ஓட்டினாள். அதன் பிறகே எங்களைக் கடக்க விட்டாள். கரையேறியதும் தர்மபத்தினி அவள் கையில் கொஞ்சம் பணத்தை வைக்கப் போனாள். கிழவி வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு, தாயி? பத்திரமாப் போங்க."

"நாங்கள் வாத்தியார் வீடு என்று உங்களுக்கு எப்படி ஆயா தெரியும்?" என்று கேட்டாள் மகள்.

"வரும்போதே கேட்டுச்சே, கண்ணு! அய்யா பேசிக்கிட்டேதானே வந்தாரு?" என்ற கிழவி, நம் பக்கம் திரும்பினாள். "ஏன் சாமி, தண்ணி கலங்கினா ஓடணும்னு உங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தர மாட்டாங்களா?"

நாம் பதில் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் பாடவேளையில் புத்தகத்தைத் திறக்காமலே நம் ஊரின் மலையையும் ஓடையையும் கரும்பலகையில் வரைந்தோம். தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் மலைமேல் கருக்கல் கட்டியிருந்தால் ஓடையில் இறங்கக்கூடாது; நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கனத்தால், அந்த நிமிஷமே மேட்டுக்கு ஏறவேண்டும்; எந்தக் கரையில் இருக்கிறோமோ அந்தக் கரையிலேயே ஏறவேண்டும் என்று எழுதிப் போட்டோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "இது பரீட்சைக்கு வருமா, சார்?" என்று கேட்டான்.

"வரும். எந்தத் தேதியில் என்றுதான் தெரியாது" என்றோம்.