வரையாடுகளின் காலம்



எங்கள் திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவு இம்மாத இறுதியில் வருகிறது. லெந்து காலம் தொடங்குமுன் மூன்று நாள் விடுப்பு எடுத்து, மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குக் காரில் சென்றுவர நானும் என் மனைவியும் தீர்மானித்திருந்தோம்.

எண்ணூரில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஆசையை விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதத்தில் அமோனியா நெடிக்கு அஞ்சி நள்ளிரவில் தெருவுக்கு ஓடியதையும் நாம் மறக்கவில்லை. மலைக்காற்றுக்கு ஏங்காமல் என்ன செய்வோம்?

வழியைத் தாளில் எழுதினேன்: திருச்சி, திண்டுக்கல், பழநி, உடுமலை, சின்னாறு, மறையூர். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். முதல் இரவு உடுமலையில் தங்கல். மறுநாள் இராஜமலையில் வரையாடுகள். அனுமதிச் சீட்டு எடுக்க முயன்றபோதுதான், அவை குட்டி ஈனும் காலமாதலால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடுவது வழக்கம் என்று அறிந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காசிமேட்டில் விசைப்படகுக்குச் செல்லும் சபையார் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "ஐயா, நமக்கு ஏப்ரல்ல தடைக்காலம். அந்த ஆட்டுக்குப் பிப்ரவரில. அவ்வளவுதானே!"

நான் வாயடைத்துப்போனேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் முட்டையிட்டுப் பெருகும்படி, 61 நாட்கள் அவருடைய படகு கரையில் நிற்கும். அந்நாட்களில் அவர் வீட்டுக்குச் சென்றிருக்கிறேன். பள்ளிக் கட்டணத்திற்காக மனைவியின் வளையல் அடகுக்குப் போனதை அறிவேன். பிழைப்பை நிறுத்தி உயிர்களைக் காக்கிறவர் அவர். ஒரு விடுமுறை தவறியதற்கே முறுமுறுத்தவன் நான்.

அன்றிரவு யோபு 39-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். வரையாடுகள் ஈனும் காலத்தை நீ அறிவாயோ என்பதே அங்கே கர்த்தரின் முதல் கேள்வி. எபிரெயத்தில் அது 'பாறையின் ஆடுகள்'. யூதேயாவின் கன்மலைகளில் வாழும் அந்த ஆட்டுக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் மலைகளின் பெயரையே தந்தார்கள். 'வரை' என்றால் மலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் வரையாடுதான். இப்பகுதியைப் பலமுறை பிரசங்கித்த நான், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நான் இளைப்பாறத் தேடிய மலை, வேறொரு தாயின் பேறுகால அறை.

அடைக்கப்பட்ட கதவுகள் எல்லாம் இத்தகையவை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு கதவு உங்களுக்கு அடைபடும்போது, அதன் உட்புறத்தில் யாருடைய உயிர் காக்கப்படுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். நம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பெருகவும் அப்படியொரு கதவு வேண்டாமா என்றும் கேளுங்கள்.

பயணத்தை ஏப்ரல் பிற்பகுதிக்கு மாற்றிவிட்டோம். அதற்குள் குட்டிகள் தாயோடு பாறைகளில் ஏறிவிடும். அந்தச் சகோதரரின் படகும் அப்போது கரையில் நிற்கும். எங்கள் காரின் பின்னிருக்கையில் அவருக்கும் அவர் மனைவிக்கும் இடம் வைத்திருக்கிறோம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.